முப்பத்தொன்பது நாள்

மங்கலம் சாலையில் இருந்த அந்த ஜாப்ஒர்க் யூனிட்டுக்குச் சித்ராதேவி போனது ஒரு புதன்கிழமை காலை. அவள் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி அங்கே நாலாயிரம் டி-ஷர்ட் தைக்கக் கொடுத்திருந்தது. தையல் நேராக இருக்கிறதா, அளவு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் கட்டைப் பிரித்தாள். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"கோகிலா, சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் ரூமுக்கு வந்து சேம்பிளெல்லாம் அடுக்கி வெச்சுப் போட்டுப் போ."

சித்ராவின் கை டி-ஷர்ட்டின் மேலேயே நின்றுவிட்டது. குரல் மட்டுமல்ல, வாக்கியமும் அதேதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியம், பெயரைத் தவிர ஒரு சொல் மாறாமல்.

திரும்பிப் பார்த்தாள். வேல்குமார். காதோரம் நரைத்திருந்தது, உடம்பு பருத்திருந்தது. அன்று ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட மேனேஜர். இன்று இந்த யூனிட்டின் முதலாளி. அவளைப் பார்த்து, "வாங்க மேடம், டீ சாப்பிட்டீங்களா?" என்று சிரித்தான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

கோகிலா என்று அழைக்கப்பட்ட பெண் தையல்காரர்களுக்குக் கைமடி வேலை செய்துகொண்டிருந்தாள். துணியை மடித்துக் கொடுப்பது, பிசிறு வெட்டுவது. முழுப்பெயர் கோகிலவாணி. சித்ரா அவள் பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு எத்தனை வயசு, கண்ணு?"

"பதினெட்டுங்க்கா."

"நெசமா?"

அந்தப் பெண் கத்தரிக்கோலைப் பார்த்தாள். "பதினஞ்சுங்க்கா. யாரு கேட்டாலும் பதினெட்டுன்னு சொல்லச் சொன்னாங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. கோகிலா எழுந்து ஆபீஸ் அறைப் பக்கம் நடந்தாள். சித்ரா யோசிக்கவே இல்லை. நாலு எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சார், இந்தப் பொண்ணு எனக்கு வேணுமுங்க. அளவு எடுக்க ஆள் பத்தாது."

"அவளுக்கு ஆபீஸ்ல வேலை இருக்குதுங்களே."

"அப்ப நான் இப்பவே லாட்டை ரிஜெக்ட் போட்டு அனுப்பிடறேனுங்க. ஷிப்மென்ட் நின்னா உங்க பொறுப்பு."

வேல்குமார் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு கையை வீசிவிட்டுப் போய்விட்டான். சித்ரா மாலை வரை கோகிலாவைத் தன் பக்கத்தை விட்டு நகரவிடவில்லை. ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டியில் ஏற்றி மங்கலத்தில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள்: "நாளைக்கு இவளை அனுப்பாதீங்க. ஏன்னு நாளான்னிக்கு வந்து சொல்றேன். இப்ப என்னைய நம்புங்க."

திரும்பி வரும்போது ஸ்கூட்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள். பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆண்டிப்பாளையம் தாண்டியதும்தான் அது பயமில்லை, கோபம் என்று புரிந்தது.

அவளுக்கு நடந்தது இதுதான். உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிராமத்தில் எட்டாவது வரை படித்தாள். அதன்பின் நாலு வருடம் தேங்காய் மட்டை உரிக்கும் களத்தில் வேலை. பதினாறு வயதில் திருப்பூர் வந்து ஹாஸ்டலோடு சேர்ந்த ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேரும்போது பள்ளிச் சான்றிதழை வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தரவே இல்லை. ஃபாரத்தில் பதினெட்டு வயது முடிந்திருக்கும்படி ஒரு தேதியை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாளில், ஹாஸ்டல் காலியாக இருந்தபோது, வேல்குமார் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு வன்புணர்வு செய்தான். வெளியே சொன்னால் உங்கப்பன் நல்லான் ஊரில் தலை காட்ட முடியாது என்றான். அவள் மூன்றாம் நாள் வேலையை விட்டுப் போனாள்.

மூன்று வருடம் கழித்து, வேறு கம்பெனியில் சேர்ந்து கொஞ்சம் தைரியம் வந்த பிறகு, ஒரு வக்கீல் அலுவலகப் படி ஏறினாள். வக்கீல் இல்லை. குமாஸ்தா மட்டும் இருந்தார். அவள் தயங்கித் தயங்கி முடிப்பதற்குள், "மூணு வருஷம் தாண்டிப் போச்சும்மா. சட்டத்துல டைம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார். அவள் அதை நம்பினாள். எட்டு வருடம் நம்பினாள். மோகன்ராஜைக் கட்டிக்கொள்ளும் முன் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னபோதும், "டைம் முடிஞ்சு போச்சுங்க" என்றுதான் சொன்னாள்.

அன்று மாலை மோகன்ராஜ் நிட்டிங் மில்லிலிருந்து வந்ததும் வாசலிலேயே அவனை நிறுத்தினாள்.

"அவனைப் பாத்தேனுங்க. இன்னொரு புள்ளைய அதே ரூமுக்குக் கூப்பிடறான்."

மோகன்ராஜ் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினான். "பெரிய ஆளாயிட்டானுங்கறாங்க. நம்மளால ஆவுங்களா?"

"தெரியாதுங்க. ஆனா கேக்காம இருக்க மாட்டேன்."

"சரி," என்றான். "நாளைக்கு லீவு போடறேன்."

கம்பெனி கேண்டீன் சுவரில் பெண்கள் புகார் கமிட்டியின் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. வெளி உறுப்பினர்: வழக்கறிஞர் அல்ஃபியா. கீழே ஃபோன் எண். அல்ஃபியாவின் அப்பா மீரா சாகிப் திருப்பூரில் முப்பது வருடம் பனியன் கட்டிங் மாஸ்டர். மகள் சட்டம் படித்து இதே ஊரில் வழக்காட வந்தவள். சித்ராவைவிட நாலைந்து வயது மூத்தவள். மறுநாள் தன் அலுவலகத்தில் சித்ரா சொன்னதை முழுவதும் கேட்டாள். கடைசியில் பேனாவை மேசையில் போட்டாள்.

"மூணு வருஷம்னு யாருங்க சொன்னது?"

"குமாஸ்தாங்க."

"சின்னக் குத்தங்களுக்குத்தான் அந்தக் கெடு. மூணு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற குத்தத்துக்கு மூணு வருஷத்துல கோர்ட்டுக்கு வரணும். இதுக்குத் தண்டனை அதைவிடப் பல மடங்கு. இதுக்குக் கெடுவே கிடையாது, சித்ரா. நேத்தும் கிடையாது, எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் கிடையாது."

சித்ராவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது, எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். மோகன்ராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்தான்.

"அப்ப இன்னைக்கே குடுக்கலாமுங்களா?"

"இப்பவே போலாம். ஆனா ஒண்ணு. உங்களுக்கு அப்ப பதினெட்டு ஆகலைன்னா, நீங்க சம்மதிச்சீங்களா இல்லையாங்கற பேச்சுக்கே இடமில்ல. சட்டத்துல அது குத்தம், அவ்வளவுதான். பதினெட்டு ஆயிருந்தா, பதினோரு வருஷம் கழிச்சு உங்க வார்த்தைக்கு எதிரா அவன் வார்த்தை. அதனால அவன் முதல்ல உங்க வயசைத்தான் பிடிப்பான்."

மகளிர் காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் தெய்வாத்தாள் இருந்தார். ஐம்பது வயது, கணீரென்ற குரல். மனுவைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "பதினோரு வருசமா? டைம் முடிஞ்சிருச்சே, அம்மிணி."

அல்ஃபியா பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். தெய்வாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். முகம் சிவந்தது.

"இருபத்தாறு வருச சர்வீஸ்," என்றார், யாரையும் பார்க்காமல். "இதே நாக்கால எத்தனை பேருத்த திருப்பி அனுப்பினேனோ." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு, கண்ணு. முதல்ல இருந்து சொல்லு. நானே எழுதறேன்."

வழக்குப் பதிவானது. கோகிலாவைப் பொய் வயது சொல்லி வேலைக்கு வைத்ததற்காகத் தொழிலாளர் துறை வழக்கு தனியாகப் போனது. அவள் மறுபடி பள்ளிக்குப் போனாள். வேல்குமார் கைதாகி, ஜாமீனில் வந்தான். வந்ததும் அல்ஃபியா சொன்னதைத்தான் செய்தான். வழக்கிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி போக்சோ நீதிமன்றத்தில் மனு போட்டான். பழைய கம்பெனிப் பதிவேட்டின் நகல் அதோடு இருந்தது: சித்ராதேவி, பிறந்த தேதி 10.3.1995. கீழே அவளுடைய கையெழுத்து. அந்தக் கணக்கின்படி சம்பவத்தின்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

போலீஸ் பிறப்புப் பதிவைத் தேடியது. கிடைக்கவில்லை. சித்ரா வீட்டில் பிறந்தவள். அம்மா பழனாத்தாளுக்கு, "ஐப்பசி அடமழைல பொறந்த, வாய்க்கா ரெண்டும் ரொம்பி ஓடுச்சு" என்பது மட்டும்தான் தெரியும்.

"எலும்பு டெஸ்ட் எடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள் சித்ரா.

"இருபத்தெட்டு வயசு எலும்பு, பதினேழு வயசுல எப்படி இருந்தேன்னு சொல்லாது," என்றாள் அல்ஃபியா. "பள்ளிக்கூடத்துப் பதிவுதான் வேணும்."

அவள் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியை ஆள் சேராமல் மூடிவிட்டிருந்தார்கள். பதிவேடுகள் எங்கே போயின என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை நீதிபதி, "வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அதற்குள் வயதுச் சான்று வராவிட்டால் இருப்பதை வைத்து உத்தரவு போடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெய்வாத்தாள் சீருடையோடு சித்ராவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கடுதாசி எழுதினது போதும். கிளம்பு, உடுமலைக்கு."

பல்லடம் வழியாகப் பஸ். பத்தேகாலுக்குச் சித்ராவின் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இறங்கினார்கள். மூடிய பள்ளியின் பிள்ளைகளை இங்கேதான் சேர்த்திருந்தார்கள். ஓர் ஆசிரியை வெளியே வந்தார்.

"பழைய ரெஜிஸ்டருங்களா? இருக்குதுங்க. எச்.எம். ரூம் பீரோவுல."

சித்ரா தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா சாவி எச்.எம். ஜானகியம்மா கிட்டங்க. அவங்க ட்ரெய்னிங்குக்கு உடுமலை போயிருக்காங்க. ஃபோனை ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க. நாளைக்கு வந்தீங்கன்னா…"

"நாளைக்குக் கோர்ட்டுங்க!" என்று சித்ரா கத்திவிட்டாள். வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த பஸ் பன்னிரண்டு மணிக்கு. தெய்வாத்தாள் சாலையின் நடுவில் நின்று, தேங்காய் ஏற்றிப் போன ஒரு டெம்போவைக் கையைக் காட்டி நிறுத்தினார். இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றின. சித்ரா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

உடுமலையில் ட்ரெய்னிங் நடந்த மண்டபத்தில் நூறு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்க, தெய்வாத்தாள் கதவருகே நின்று தன் கணீர்க் குரலில், "தலைமையாசிரியர் ஜானகியம்மாள் யாருங்க?" என்றார். பேச்சு நின்றது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் பயந்துபோய் எழுந்தார்.

வெளியே வந்து விஷயம் கேட்டதும் அவர் பயம் போய்விட்டது. சித்ராவை மேலும் கீழும் பார்த்தார். "நீ அந்த ஸ்கூல்லயா படிச்ச? அதோட ரெஜிஸ்டரு எல்லாத்துலயும் கரையான் ஏறிப் போச்சு, சாமி. போன மாசம்தான் கொஞ்சத்தை வெயில்ல காயப் போட்டேன். உன் வருசம் தப்பிச்சுதான்னு தெரியல."

"வாங்க, பாத்துரலாமுங்க."

"ட்ரெய்னிங்ல அட்டெண்டன்ஸ் போயிருமே."

"நான் லெட்டர் தர்றேன்," என்றார் தெய்வாத்தாள். "போலீஸ் கூட்டிட்டுப் போச்சுன்னு எழுதறேன். ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். பீரோவைத் திறந்ததும் மக்கிய காகித வாசனை முகத்தில் அடித்தது. ஜானகியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். முதல் பதிவேட்டைத் தொட்டதும் பாதி உதிர்ந்தது. இரண்டாவது ஒட்டிப் போயிருந்தது. மூன்றாவதில் அட்டையைக் காணோம்.

"எந்த வருசம் சேர்ந்த?"

"ரெண்டாயிரத்து ஒண்ணுங்க."

ஜானகியம்மாள் தாள்களை ஊதி ஊதிப் பிரித்தார். இரண்டாயிரமாவது வருடத் தாள்கள் தாண்டின. அடுத்த தாளின் ஓரம் முழுவதும் அரித்திருந்தது. சித்ரா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். வரிசை எண்கள் கரையானுக்குப் போய்விட்டன. ஆனால் பெயர்கள் இருந்தன. நீல மையில், சாய்ந்த எழுத்தில்.

"இதா! இதா, இதா!" என்று கத்தினாள் சித்ரா.

*சித்ராதேவி. தந்தை நல்லான். பிறந்த தேதி 2.6.1996. இரண்டு, ஜூன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.*

தெய்வாத்தாள் மேசையை ஓங்கித் தட்டினார். தூசி பறந்தது. சித்ரா அந்த வரியை விரலால் தொடக்கூடப் பயந்து, பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆனா நான் ஐப்பசில பொறந்தேனுங்களே," என்றாள் சற்றுக் கழித்து.

ஜானகியம்மாள் சிரித்தார். "ஜூன்ல ஸ்கூல் தொறக்கையில அஞ்சு முடிஞ்சிருக்கோணும். தேதி தெரியாத புள்ளைங்களுக்கெல்லாம் அந்தக் காலத்து வாத்தியாருங்க ஜூன்னுதான் போடுவாங்க. சட்டத்துக்கு இனி இதுதான் உன் பிறந்த நாள்."

சான்றிதழ் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்; கோர்ட்டில் காட்ட அந்தப் பதிவேட்டையும் துணியில் சுற்றித் தெய்வாத்தாளிடம் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொண்டார். மணி மூன்றரை. சித்ரா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்று அல்ஃபியாவுக்கு ஃபோன் போட்டாள்.

"கிடைச்சிருச்சு மேடம்! தொண்ணூத்தாறு! ஜூன் ரெண்டு!"

எதிர்முனையில் ஒரு கூவல் கேட்டது. உடனே குரல் மாறியது.

"சித்ரா. அப்படின்னா உங்களுக்குப் பதினெட்டு முடியறது ரெண்டாயிரத்துப் பதினாலு ஜூன் ரெண்டு. புகார்ல என்ன சொல்லியிருக்கோம்? 'ஏப்ரல் அல்லது மே வாக்கில், ஒரு விடுமுறை நாளில்.' வாக்கில்! நாளைக்கு அவன் வக்கீல் என்ன கேப்பாரு? ஏன் ஜூனா இருக்கக் கூடாதும்பாரு. எனக்குத் தேதி வேணும். அது எந்த நாள்?"

"லீவு நாளுங்க."

"என்ன லீவு? மே தினமா? தமிழ் வருஷப் பொறப்பா? யோசிச்சுச் சொல்லுங்க."

சித்ரா கண்ணை மூடினாள். பதினோரு வருடமாக அந்த நாளை நினைக்காமல் இருக்கத்தான் பழகியிருந்தாள். இப்போது தானாகவே அதற்குள் நடந்து போனாள். காலை. ஹாஸ்டல் வராண்டா. வரிசையாகக் காலிப் பாய்கள். முந்தின நாள் சாயங்காலமே எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஏன் ஓடினார்கள்? அவள் மட்டும் ஏன் ஓடவில்லை? அவளும் இன்னும் இரண்டு சின்னப் பெண்களும் மட்டும் ஏன் மிச்சம்?

"அக்கா," என்று கண்ணைத் திறந்தாள். "எனக்கு வோட்டு இல்லீங்க."

"என்ன?" என்றார் தெய்வாத்தாள்.

"வோட்டுப் போடற நாளுங்க்கா! பெரிய எலெக்ஷன்! வோட்டு இருக்கறவங்க அத்தனை பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. எனக்கு வயசு ஆகல, வோட்டு இல்ல. அதனாலதான் நான் அங்க இருந்தேன். அதனாலதான் ஹாஸ்டல் காலியா இருந்துச்சு!"

தெய்வாத்தாள் அவள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார். "வக்கீலம்மா! ஏப்ரல் இருபத்தி நாலு! வியாழக்கெழமை! எனக்குத் தெரியாதா? வெள்ளகோவில் பக்கம் ஒரு பூத்துல காலைல அஞ்சு மணிக்கு நின்னவ, ராத்திரி பெட்டி சீல் வெக்கறவரைக்கும் உக்காரல. செருப்பு அறுந்து போச்சு. அந்தத் தேதி சாகறவரைக்கும் மறக்காது!"

அல்ஃபியா வாய்விட்டு எண்ணுவது ஃபோனிலேயே கேட்டது. "ஏப்ரல் இருபத்தி நாலுல இருந்து ஜூன் ரெண்டு… முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது நாள், சித்ரா! முப்பத்தொன்பது நாள் பாக்கியிருந்துச்சு உங்களுக்கு!"

சித்ராவும் தெய்வாத்தாளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் குதித்தார்கள். ஜன்னல் வழியே பார்த்த பிள்ளைகள், சீருடை போட்ட போலீஸ் அம்மா குதிப்பதைக் கண்டு கை தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அரசு வழக்கறிஞர் சான்றிதழையும் பதிவேட்டையும் நீட்டினார். வேல்குமாரின் வக்கீல் கம்பெனிப் பதிவேட்டைக் காட்டினார். கையெழுத்தைக் காட்டினார். முப்பத்தொன்பது நாள் என்று கேட்டதும் சிரித்தார். பதினோரு வருடம் கழித்து, ஒரு மாதம் முன்னே பின்னே ஆகாது என்று யார் சொல்ல முடியும் என்று கேட்டார்.

நீதிபதி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். பள்ளிப் பதிவு இருக்கும்போது கம்பெனிக் காகிதத்தை வயதுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இந்தக் குற்றத்துக்குக் காலக்கெடு இல்லை. அந்த நாள் எது என்பது சாட்சி விசாரணையில் தெரிய வேண்டியது. விடுவிப்பு மனு தள்ளுபடி.

சித்ராவுக்கு 'தள்ளுபடி' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. "நம்ம மனுவா மேடம்?" என்று பதறிக் கேட்டாள். "அவன் மனு!" என்றாள் அல்ஃபியா, அவள் தோளைக் குலுக்கி.

இனி அந்த நாளை நிரூபிக்க வேண்டும். ஹாஸ்டலில் அடுத்த பாயில் படுத்த அனிதாவைத் தேடினார்கள். அவள் கல்யாணமாகி ஈரோட்டில் இருந்தாள். சித்ரா ஃபோனில் பெயரைச் சொன்னதுமே, "நீ என்னைக்காவது கூப்பிடுவேன்னு தெரியும்" என்று அழுதாள் அனிதா.

விசாரணை பூட்டிய கதவுக்குள் நடந்தது. சித்ரா இரண்டு நாள் சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல், "பதினோரு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்டார்.

"தொறந்தேனுங்க. டைம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. நம்பிப் போட்டேன். அது பொய்யின்னு தெரிஞ்ச அன்னைக்கே போலீஸ் ஸ்டேஷன் போனேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கலீங்க."

வேல்குமாரின் பதில், தேர்தல் நாளில் தான் திருப்பூரிலேயே இல்லை என்பது. காங்கேயம் பக்கம் சொந்த ஊருக்கு ஓட்டுப் போடப் போய் மறுநாள்தான் திரும்பினானாம். அந்த நாளில் ஹாஸ்டலில் அவனைப் பார்த்தவர் யார் என்று வக்கீல் கேட்டார்.

அனிதா கூண்டில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"நான் பாத்தேனுங்க. வோட்டுப் போட்டுட்டு அன்னிக்குச் சாயங்காலமே வந்துட்டேன். வோட்டுக்குன்னு லீவு எடுத்தவங்க வெரல்ல மையைக் காட்டினாத்தான் லீவை ஒத்துக்குவேன்னு கம்பெனில சொல்லியிருந்தாங்க. கேட்டுல நின்னு ஒவ்வொருத்தி கையா பிடிச்சுப் பாத்தது இவருதாங்க. என் வெரலைத் தேச்சுக்கூடப் பாத்தாரு. உள்ள போனேன், சித்ரா பாய்ல சுருண்டு கிடந்தா. என்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. யாருகிட்டயும் சொல்லாதேன்னு நான்தாங்க சொன்னேன். அது என் தப்புங்க."

வக்கீல் காகிதங்களை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். வேல்குமார் அன்று முதல்முறையாகத் தலையைக் குனிந்தான்.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பத்து ஆண்டு கடுங்காவல். கேட்டதும் மோகன்ராஜ் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். சித்ரா நின்றுகொண்டே இருந்தாள். காவலர்கள் வேல்குமாரை அழைத்துப் போனபோது அவன் அவளைப் பார்த்தான். இந்த முறை அவளை அடையாளம் தெரிந்தது.

"ஹைகோர்ட்டுக்குப் போவான்," என்றாள் அல்ஃபியா, படியில் இறங்கும்போது. "அந்த முப்பத்தொன்பது நாளை மறுபடி கிளறுவாங்க. எத்தனை வருஷம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"ஆகட்டுமுங்க. நான் எங்கியும் போகலியே."

மறுவாரம் சித்ரா வேலையில் இருந்தாள். ஜெர்மனி ஷிப்மென்ட் அன்று மாலைக்குள் லாரி ஏற வேண்டும். செக்கிங் டேபிளில் பெட்டி பெட்டியாகக் குவிந்திருந்தது. அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு பெண் குரல், தெற்கத்திப் பேச்சு.

"அனிதாதான் நம்பர் தந்துச்சு. நானும் அந்த ஹாஸ்டல்லதான் இருந்தேன். உங்களுக்கு முந்தி. பதிமூணு வருசம் ஆச்சு." பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. "எனக்கு டைம் இருக்குமாக்கும்?"

சித்ரா டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"வக்கீலம்மாவைக் கேட்டுச் சொல்றேனுங்க. எனக்குத் தெரிஞ்சு இருக்குதுங்க. நீங்க இப்ப எங்க இருக்கறீங்க?"

"பழைய பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். திரும்பிப் போயிரலாமான்னு யோசிச்சுட்டு நிக்கேன்."

"போயிராதீங்க! அங்கியே நில்லுங்க. பத்து நிமிசம்!"

சூப்பர்வைசர் பின்னாலிருந்து, "சித்ரா, லாட்டு?" என்று கத்தினார். "வந்து பாக்கறேனுங்க!" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.